புதுச்சேரி பில்லும் அறுபது வாசகங்களும்

ஓசூர் கிடங்கிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு போயிருந்தது. எங்கள் மென்பொருள் அந்த பில்லில், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் போட்டிருந்தது. போட்டிருக்க வேண்டியது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. தமிழ்நாட்டைத் தாண்டிப் போகும் சரக்கு அது. ஜிஎஸ்டி எண்ணில் தமிழ்நாட்டுக்கு முன்னெண் 33, புதுச்சேரிக்கு 34. வாடிக்கையாளர் சத்தம் போடவில்லை. "பாண்டிச்சேரி எங்கே இருக்கிறது என்று உங்கள் மென்பொருளுக்குத் தெரியாதா, சார்?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிரலைத் திறந்து பார்த்தேன். முகவரியில் மாநிலம் காலியாக இருந்தால் பின்கோட்டின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்கும் ஒரு சிறிய பகுதி இருந்தது. 60 என்றால் தமிழ்நாடு. எழுதியது ஏஐ உதவியாளர். படித்துவிட்டுத் தலையாட்டியது நான். புதுச்சேரியின் பின்கோடு 605001. விழுப்புரத்தின் பின்கோடு 605602. இரண்டு இலக்கம் என்ன, மூன்று இலக்கம் பார்த்தாலும் பிரிக்க முடியாது.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு காரணத்துக்காக. மூன்று வாரங்களுக்கு முன்பு, வேறு ஏதோ வேலையின் நடுவில், "பின்கோட்டை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதே" என்று அதே உதவியாளரிடம் நானே சொல்லியிருந்தேன். புரிந்தது என்று பணிவாகப் பதில் சொன்னது. அந்த உரையாடலை மூடினேன். அந்த அறிவும் அதோடு போய்விட்டது. அப்படிப் போகாமலிருக்க உதவியாளருக்கு எழுதிவைக்கும் அறிவுறுத்தல் கோப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நாங்கள் நான்கு பேர். பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடி அறை. (பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட சிலை அது. எங்கள் மென்பொருள் வெளியீடு தள்ளிப்போகும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம்.) மொத்த வியாபாரிகள் பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தவர்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, வரியும் மாறுகிறது. அதனால் மாநிலக் குழப்பம் எங்களுக்குத் தினசரிச் சோறு.

இங்கே ஒரு சொல் விளக்கம் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரி என்றால் அரசுக்குக் கட்டும் வரி மட்டுமே. கோப்பில் எழுதுவதை வாசகம் என்று சொல்கிறேன். ஒரு முறை உதவியாளரிடம் தமிழிலேயே, "பில்லில் ஒவ்வொரு வரிக்கும் தனிச் சோதனை எழுது" என்றேன். நான் நினைத்தது பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளையும். அது ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் ஒரு சோதனை எழுதிக் கொடுத்தது. அதன்மேல் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

அறிவுறுத்தல் கோப்பு என்று முறையாக ஒன்று வருவதற்கு முன்பு என் கணினியில் "காலை" என்று ஒரு சிறு கோப்பு இருந்தது. தினமும் வேலை தொடங்கும்போது அதிலிருந்து பத்துப் பதினைந்து வாசகங்களை எடுத்து ஒட்டுவேன்: பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வை, நேரத்தை இப்படிச் சேமி, இந்த அடைவை (ஃபோல்டரை) தொடாதே. எங்களோடு வேலை பார்க்கும் ஓசூர்ப் பெண்ணும் தன்னிடம் ஒன்று வைத்திருந்தார். அவருடையதில் பைசாவைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் பக்கத்து உதவியாளர் ரூபாயைத் தசமத்தில் எழுதிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கணக்கில் வந்து சந்தித்த நாளில் ஒரு பாக்கி நூறு மடங்காகிப் போனது. நல்ல வேளை, சோதனைக் கணினியோடு நின்றது. ஒரே உதவியாளர் இரண்டு வீட்டில் வளர்ந்தால் இரண்டு பிள்ளையாகத்தான் வளரும்.

புதிய உரையாடல் ஒவ்வொன்றிலும் அது அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆளாக வருகிறது. நிரலைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை நம்மைவிட வேகமாகத் தெரிந்துகொள்ளும். நிரலில் இல்லாததை யாராவது சொன்னால்தான் உண்டு. அதற்கான ஏற்பாடு இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது: திட்டத்தின் அடைவில் குறிப்பிட்ட பெயரில் ஓர் எளிய உரைக்கோப்பை வைத்தால், உரையாடல் தொடங்கும்போதே அதைத் தானாகப் படித்துக்கொள்ளும். கிளாட் கோடு என்றால் கிளாட்.எம்டி, ஜெமினி சிஎல்ஐ என்றால் ஜெமினி.எம்டி, கர்சருக்கும் கிட்ஹப் கோபைலட்டுக்கும் தனித்தனிப் பெயர்கள். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பெயர் 2025-ல் பரவியது; அந்த ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கிய ஓர் அமைப்பின் பொறுப்புக்கும் போனது. எங்களில் இருவர் ஒரு கருவி, இருவர் வேறு கருவி. அதனால் உள்ளடக்கம் முழுவதையும் ஏஜென்ட்ஸ் கோப்பில் வைத்துவிட்டு, மற்றதில் "அதைப் படி" என்று ஒரே ஒரு வாசகம் வைத்தோம். இரண்டு இடத்தில் ஒரே விதியை எழுதி வைத்தால் மூன்றாம் மாதம் இரண்டும் வேறு வேறு விதியாக நிற்கும். இந்தக் கோப்பும் நிரலோடு சேர்ந்து, மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் இருக்கிறது. யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது தெரியும்.

முதல் கோப்பை நாங்கள் எழுதவில்லை. திட்டத்தைப் படித்து நீயே ஒன்று எழுது என்று அதனிடமே கேட்டோம். அழகாக, தலைப்புகளோடு, நூற்றைம்பது வாசகங்கள் வந்தன. "இத்திட்டம் பைத்தானில் எழுதப்பட்டது." "சோதனைகள் சோதனை அடைவில் உள்ளன." அடைவைத் திறந்த உடனே அதற்குத் தெரியப்போகிற செய்திகளை அதுவே தனக்கு எழுதிக்கொண்டது. தொடக்கத்துக்கு மோசமில்லை, அப்படியே விட்டதுதான் எங்கள் தவறு.

அதற்குப் பிறகு, ஏதாவது தவறு நடக்கும்போதெல்லாம் நான்கு பேரும் ஆளுக்கொரு வாசகம் சேர்த்தோம். ஆத்திரத்தில் சேர்த்ததும் உண்டு. ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், ஆச்சரியக்குறிகளோடு எழுதினார். "தரமான நிரல் எழுது", "பாதுகாப்பை மனத்தில் கொள்", "தேவையில்லாமல் சிக்கலாக்காதே" என்றெல்லாம் சேர்ந்தன. இவை அரசு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் "அமைதி காக்கவும்" மாதிரி. யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் படிக்கவும் மாட்டார்கள். இரண்டு மாதத்தில் 420 வாசகங்கள். மேலே ஓரிடத்தில் பணம் பைசாவில் என்றும், கீழே ஓரிடத்தில் அறிக்கைகளில் தசமம் என்றும் இருந்தது. எந்த அறிக்கை, யார் எழுதியது என்று எங்களுக்கே நினைவில்லை.

புதுச்சேரி பில் தவறானது இந்தக் காலத்தில்தான். பின்கோடு பற்றிய எச்சரிக்கை நான்கு பேர் எழுதிய 420-ல் இல்லவே இல்லை. சொல்லவேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தோம்.

கோப்பு நீண்டால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். அந்தக் கோப்பு முழுவதும் ஒவ்வொரு உரையாடலிலும் உள்ளே போகிறது. உதவியாளர் ஒரே நேரத்தில் கண்முன் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஓர் அளவு உண்டு. நிரலும், நம் பேச்சும், பிழைச் செய்திகளும், இந்தக் கோப்பும் அந்த ஒரே மேசையில்தான் விரித்துக் கிடக்கின்றன. இடத்தைவிடப் பெரிய தொல்லை, கவனம் சிதறுவது. எது உயிர் போகிற விதி, எது ஒருவருடைய விருப்பம் என்று 420 வாசகங்களுக்கு நடுவில் அதற்கு எப்படிப் பிடிபடும்? மனிதருக்கும் பிடிபடாது.

ஒரு சனிக்கிழமை நானும் ஓசூர்ப் பெண்ணும் உட்கார்ந்து வெட்டினோம். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் அது என்ன தவறு செய்யும், அந்தத் தவறு எப்போதாவது நடந்திருக்கிறதா? அவர் இரக்கமே காட்டவில்லை. "அண்ணா, இது உங்கள் ஆசை, விதி இல்லை" என்று சொல்லிச் சொல்லி அழித்தார். நான் ஒரு வாரம் யோசித்து எழுதிய பெயரிடல் முறையும் அதில் போயிற்று. பெயரிடலைச் சரிபார்க்க ஏற்கெனவே ஒரு கருவி ஓடுகிறது, இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். பதில் இல்லை. மாலை டீ வரும்போது அறுபதுக்கு அருகில் நின்றோம். மிஞ்சியவை ஏறக்குறைய இப்படி இருந்தன (கோப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் சொல்கிறேன்):

"பணம் எல்லா இடத்திலும் பைசாவில், முழு எண்ணாக. ரூபாயாக மாற்றுவது திரையில் காட்டும் இடத்தில் மட்டும். காட்டும்போது 1,00,000 என்ற இந்திய முறையில்."

"பில் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, இது ஜிஎஸ்டி விதி. எண் வரிசை ஏப்ரல் 1-ல் புதிதாகத் தொடங்கும்."

"வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதாதே. அட்டவணையிலிருந்து, பில் தேதியைக் கொடுத்து எடு."

"வாடிக்கையாளர் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காதே. நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னால் இருப்பது அப்பாவின் முதலெழுத்து."

கடைசி வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு படிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று வைத்துவிட்டதால், தர்மபுரிக் கடைக்காரர் ஒருவர் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று தட்டெழுதியிருந்தார். அவருக்குப் போன பில்களில் பெயருக்குப் பின்னால் "இல்லை" என்றே அச்சாகிக்கொண்டிருந்தது.

வெட்டியதைவிட அதிகப் பயன் தந்தது காரணத்தைச் சேர்த்து எழுதியது. "பின்கோட்டை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதே" என்று முதலில் எழுதினோம். பிறகு அதை நீட்டினோம்: "605-ல் தொடங்கும் பின்கோடு விழுப்புரத்திலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு; வரி தவறாகிவிடும். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தைப் பார். இல்லையென்றால் சரக்கு போய்ச் சேரும் முகவரியின் மாநிலத்தைப் பார். அதுவும் காலி என்றால் ஊகிக்காதே. பில்லை நிறுத்திப் பயனரிடம் கேள்." சில வாரங்கள் கழித்து, பழைய வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும் வேலையில், மாவட்டப் பெயரிலிருந்து மாநிலத்தை நிரப்பச் சொன்னேன். அது வேலையைத் தொடங்காமல், காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவையும் புதுச்சேரியைச் சேர்ந்தவை, அந்த ஊர்களைத் தனியாகப் பார்க்கவா என்று கேட்டது. பின்கோடு பற்றிய விதி அங்கே நேரடியாகப் பொருந்தாது. காரணம் பொருந்தியது. மாஹேயைச் சுற்றி இருப்பது கேரளம், ஏனாமைச் சுற்றி இருப்பது ஆந்திரம். அந்த இரண்டிலும் நாங்கள் அடிபட்டிருக்கவே மாட்டோம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் அப்போது பிடிபட்டது. "செய்யாதே" என்று மட்டும் எழுதினால் அது வேறொரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கும். பதிலாக எதைச் செய்வது என்பதையும் அதே வாசகத்தில் எழுதிவிட வேண்டும்.

எப்போதும் தேவைப்படும் விதிகள் அறுபதுக்குள் அடங்கின. எப்போதாவது தேவைப்படும் நீண்ட செய்முறைகளை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். கிரெடிட் நோட், அதாவது சரக்கு திரும்பி வந்தால் பழைய பில்லின் தொகையைக் குறைக்கும் சீட்டு, எழுதுவது எங்களிடம் ஒன்பது படிகள் கொண்ட வேலை. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சோப்பும் தலை எண்ணெயும் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. மாறுவதற்கு முன்பு விற்ற சரக்கு, மாறிய பிறகு திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் விகிதம்தான் வர வேண்டும். உதவியாளர் அன்றைய விகிதத்தை எடுத்தது. இத்தகைய செய்முறையை முதன்மைக் கோப்பில் வைத்தால் பில் அச்சடிக்கும் வேலையிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்குத்தான் ஸ்கில் என்கிற தனிக்கோப்புகள். கிளாட் கோடை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த முறையை வெளியிட்டது. பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும் பொது வடிவமாகத் திறந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்கில்லும் ஓர் அடைவு, அதற்குள் ஸ்கில்.எம்டி என்று ஒரு கோப்பு. கோப்பின் தலையில் ஒரு பெயர், ஒரு விளக்கம். தொடக்கத்தில் உதவியாளர் படிப்பது அந்தப் பெயரையும் விளக்கத்தையும் மட்டும்தான். வேலைக்குப் பொருந்துகிறது என்று தோன்றினால்தான் உள்ளே போய் முழுவதையும் படிக்கும். கூடவே சிறு நிரல்களையும் மாதிரிகளையும் அந்த அடைவில் வைக்கலாம், தேவைப்பட்டபோது எடுத்துக்கொள்ளும். விளக்கம் 1,024 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், உடல் பகுதி 500 வாசகங்களுக்குள் இருப்பது நல்லது என்பது அவர்களின் வழிகாட்டுதல். எங்களுடையது எதுவும் நூறைத் தாண்டவில்லை.

ஆக, ஸ்கில்லின் உயிர் அந்த விளக்கத்தில் இருக்கிறது. இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். "கிரெடிட் நோட் உருவாக்கும் முறை" என்று விளக்கம் எழுதி, உள்ளே ஒன்பது படிகளையும் பதமாக எழுதி முடித்துப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஓசூர்ப் பெண் "ரிட்டர்ன் பில்லுக்கு ஒரு திரை வேண்டும்" என்று கேட்டார். எங்கள் அலுவலகத்தில் யாரும் கிரெடிட் நோட் என்று சொல்வதில்லை, கடைக்காரர்களும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது ரிட்டர்ன் பில். உதவியாளர் என் ஸ்கில்லைத் திறக்கவில்லை. அதைவிட மோசம், மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்காக வைத்திருந்த வேறொரு ஸ்கில்லைத் திறந்து, அதன்படி வேலையைத் தொடங்கிவிட்டது. சரக்கும் ரிட்டர்ன், அரசுக்குக் கொடுக்கும் கணக்கும் ரிட்டர்ன்.

இப்போதைய விளக்கம் இது: "விற்ற சரக்கு திரும்பி வரும்போது, விலை குறைக்கும்போது, பழைய பில்லைத் திருத்தும்போது பயன்படுத்து. அலுவலகத்தில் இதை ரிட்டர்ன் பில், ரிட்டர்ன், பில் திருத்தம் என்பார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்கு இது இல்லை." நாம் எழுத்தில் வைத்திருக்கும் பெயரும் வாயில் புழங்கும் பெயரும் வேறு என்பதை ஸ்கில் எழுதும்போதுதான் கவனித்தேன். அதன்பின் ஒவ்வொரு விளக்கத்தையும் எழுதுவதற்கு முன்பு, மற்ற மூவரிடமும் "இதை நீ எப்படிக் கேட்பாய்?" என்று வாய்விட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

அடுத்தது எஸ்எம்எஸ் கதை. வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் நிலுவை நினைவூட்டல் போகும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 தான். அந்த 70-ம் கண்ணால் எண்ணும் எழுத்துகள் இல்லை. "உங்கள்" என்பது நமக்கு நான்கு எழுத்து. புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு ஆறு. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, வாசகத்தை முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறை. அனுப்புவது பதிவு செய்ததோடு பொருந்தவில்லை என்றால் செய்தி போகாது.

எங்கள் பதிவில் "நிலுவை தொகை" என்று இருக்கிறது. ஒற்று விட்டுப்போன பிழை. பதிவு செய்தவன் நான்தான். உதவியாளர் அந்தக் கோப்பை வேறு ஏதோ காரணத்துக்காகத் திறந்தபோது, "நிலுவைத் தொகை" என்று திருத்தி வைத்தது. என் தமிழாசிரியர் பார்த்தால் அதன் தோளில் தட்டியிருப்பார். அன்று மாலை ஒரு நினைவூட்டல் கூடப் போகவில்லை.

உடனே விதி எழுதினேன்: "எஸ்எம்எஸ் அடைவில் உள்ள வாசகங்களில் ஒரு புள்ளியைக் கூட மாற்றாதே, பிழையாக இருந்தாலும் மாற்றாதே, இவை பதிவு செய்யப்பட்டவை." வாரக்கணக்கில் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு நாள், காலையிலிருந்து நீண்டுகொண்டே போன ஓர் உரையாடலின் கடைசியில், "எழுத்துப் பிழைகளையும் சரிசெய்துவிட்டேன்" என்ற குறிப்போடு மறுபடியும் அந்த "த்" வந்து உட்கார்ந்திருந்தது. இந்த முறை நான் பார்த்துவிட்டேன்.

அறிவுறுத்தல் என்பது வேண்டுகோள்தான். பெரும்பாலும் கேட்கும், எப்போதும் கேட்கும் என்று பந்தயம் கட்ட முடியாது. நீண்ட உரையாடலில், தொடக்கத்தில் சொன்னது மங்கிப்போகிறது. அதனால் ஒருமுறை தவறினாலும் காசு போகும் என்கிற விஷயங்களைக் கோப்பிலிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தோம். நாங்கள் பயன்படுத்தும் கருவியில் ஹுக் என்று ஒன்று இருக்கிறது: உதவியாளர் ஒரு கோப்பை மாற்றப்போகும்போது முதலில் நம்முடைய சிறு நிரல் ஓடும், கூடாது என்று அது சொன்னால் மாற்றம் நடக்காது. எஸ்எம்எஸ் அடைவுக்கு அப்படி ஒரு காவல். மனிதக் கை தவறுவதற்காக, பதிவு செய்த வாசகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை ஒன்று. விதியைக் கோப்பிலும் விட்டுவைத்திருக்கிறோம், தடுக்கப்பட்டது ஏன் என்று அதற்குப் புரிய வேண்டுமே.

எந்த மொழியில் எழுதுவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பொது விதிகளை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். ஒரே செய்தி தமிழில் எழுதினால் உதவியாளரின் கணக்கில் அதிக இடத்தை அடைக்கிறது, எங்கள் நிரலில் உள்ள பெயர்களும் ஆங்கிலம்தான். ஆனால் வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டும் தமிழ் பற்றிய ஸ்கில் முழுக்கத் தமிழில் இருக்கிறது. "மரியாதையாக எழுது" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தபோது, "தயவுகூர்ந்து தங்களது மேலான நிலுவையை" என்கிற ரீதியில் எழுதியது. அதற்குப் பதிலாக, எங்கள் திரையிலிருந்து நல்ல வாசகம் எட்டும், கெட்ட வாசகம் எட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். விளக்கவுரையே தேவைப்படவில்லை.

கடவுச்சொல், ஏபிஐ சாவி (பிற சேவைகளை நம் நிரல் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) எதையும் இந்தக் கோப்புகளில் எழுதக் கூடாது என்று சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன். "காலை" கோப்பில் நானே ஒன்று வைத்திருந்தேன். இணையத்தில் கிடைக்கும் ஸ்கில்களை எடுத்துப் போடுபவர்கள், உள்ளே இருக்கும் நிரலையும் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். அது உங்கள் கணினியில், உங்கள் அனுமதியோடு ஓடும்.

கோப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய பழக்கம் வைத்திருக்கிறேன். மாற்றியவரே சோதிக்கக் கூடாது. அவர் கேள்வியிலேயே விடையைக் கலந்துவிடுவார். இன்னொருவர் புதிய உரையாடலைத் திறந்து, பழைய தவறு நடந்த அதே வேலையை அதே அலட்சியமான சொற்களில் கேட்க வேண்டும். "பாண்டிச்சேரி பார்ட்டிக்கு ஒரு பில் போடும் வழி செய்" என்பது எங்கள் நிலையான முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில் பல மாதங்கள் தேறி வந்த கோப்பை மடக்கியவர் எங்கள் கணக்கு அக்கா. வாரத்தில் இரண்டு நாள் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நிரல் தெரியாது, வரிச் சட்டம் தெரியும். வரி பற்றிய பகுதியைத் தமிழில் மாற்றி, அச்செடுத்துக் கொடுத்து, ரயிலில் படித்துப் பாருங்கள் அக்கா என்றேன். மறுநாள் காகிதம் சிவப்பு மையோடு வந்தது. பங்காருப்பேட்டைக்கு அருகில் எழுதியிருப்பார் போல, எழுத்துகள் குலுங்கியிருந்தன.

"தம்பி, சரக்கு போய்ச் சேரும் முகவரியின் மாநிலத்தைப் பார் என்று யார் எழுதியது?"

"நான்தான், அக்கா. புதுச்சேரி விஷயத்துக்குப் பிறகு."

"நீங்கள் எழுதியிருப்பதில் முதலில் ஜிஎஸ்டி எண், அது இல்லையென்றால் முகவரி. நிரலில் என்ன நடக்கிறது?"

திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு நாள் அந்த வாசகத்தைச் சுருக்கியிருந்தேன். சுருக்கியதில் ஜிஎஸ்டி எண் விழுந்துபோய், போய்ச் சேரும் முகவரி மட்டும் எல்லா பில்லுக்கும் விதியாகிவிட்டது. அக்கா காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். ஓசூர்க் கிடங்கு விற்கிறது. வாங்குவது சேலத்து டீலர். ஆனால் சரக்கைப் புதுச்சேரியில் இருக்கும் தன் வாடிக்கையாளரிடம் நேரே இறக்கச் சொல்கிறார் டீலர். ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, மூன்றாமவர் சொல்லி இன்னொரு இடத்தில் இறக்கும் சரக்குக்கு, அப்படிச் சொன்னவரின் முதன்மை வணிக இடம்தான் கணக்கு. சேலம், தமிழ்நாடு. நாங்கள் போட வேண்டியது சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். முகவரியைப் பார்த்து ஐஜிஎஸ்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

"சுருக்காமல் இருந்திருந்தாலும் பாதிதான் சரி. எண் இருக்கிறதா இல்லையா என்பதில்லை கேள்வி. யார் சொல்லி யாரிடம் இறங்குகிறது என்று கேட்க வேண்டும்" என்றார். பிறகு, "விதியை மீறி ஒரு பில் கூட இல்லை பாருங்கள், தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அன்று மதியம் முழுவதும் பழைய பில்களைத் தோண்டினோம். ஏழு கிடைத்தன. ஏழும் ஒரே விதமாக, சுத்தமாக, நான் எழுதியபடியே தவறாக இருந்தன.

இப்போது அந்தப் பகுதியின் தலையில், வரி பற்றிய எதையும் கணக்கு அக்காவின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. அது உதவியாளருக்கும் எனக்கும் சேர்த்து எழுதியது. அக்காவுக்குக் கிட் தெரியாது. மாற்றத்தை அச்செடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சிவப்பு மையில் திரும்பி வருகிறது.